ஓரகத்தியோட ஆடின மூடி ஆட்டம்

எனக்கு எழுபத்தொரு வயசு. அஞ்சு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவ. ஒத்தக்கடைக்குத் தண்ணி லாரி வந்த காலத்தில், முதல் குடம் யாருக்குன்னு நானும் என் ஓரகத்தியும் சோடா மூடி வச்சு ஆடுவோம். சிவப்பு எனக்கு, பச்சை அவளுக்கு. முறை வச்சு ஆடறது கிடையாது, ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் வைக்கலாம். மேல் மூடி யாருதோ, அடுக்கு அவளுது. அஞ்சாவது மூடி வச்சவளுக்கு ஜெயம். எந்திரிச்சா "வாரேன்"னுதான் சொல்லணும். "போறேன்"னு சொன்னவளுக்குத் தோல்வி.

அன்னைக்கு லாரி தெருமுனைக்கு வந்திருச்சு. என் அடுக்கில் நாலு. அஞ்சாவதைக் கையில் எடுத்தேன்.

"அக்கா, உலை பொங்குது!"ன்னு ஓரகத்தி கத்தினா.

"இந்தா போறே..." எந்திரிச்சுக்கிட்டே சொன்னேன். அதுக்குள்ள அஞ்சாவது மூடி அடுக்கில் உக்காந்திருச்சு. நானும் வாயை மூடிட்டேன்.

"தோத்துட்டீக!"ன்னு அவ குடத்தோட ஓடிட்டா.

முழுச் சொல்லை நான் சொல்லவே இல்ல. பேத்தி, நான் சொல்லச் சொல்ல அப்படித்தான எழுதியிருக்கே? வாசிச்சுக் காட்டுத்தா.