சம்பந்தியம்மாவுக்கு இரண்டரை மணிச் சாப்பாடு

ஸ்பானிஷ்காரர்களுக்குப் பழக்கத்தைச் சொல்ல மூன்று விதமான வினைச்சொற்கள் வேண்டியிருக்கின்றன. நமக்கு ஒன்று போதும். காபி குடிப்பதும் பழக்கம், மாமியார் வீடும் பழகிப்போகும், எதிர்வீட்டு நாயும் பழகிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் இந்த மூன்றையும் பிரித்துப் பேச எனக்கென்ன தலையெழுத்து என்று கேட்டால், என் மகள்தான் தலையெழுத்து.

அவள் ஒரு ஸ்பானிஷ் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு வலென்சியாவுக்குப் போய்விட்டாள். வேலை வீட்டிலிருந்தே. மாப்பிள்ளை காலையில் ஆபீஸ் போனால் இருட்டித்தான் வருவார். அதே கட்டிடத்தில் மேல்மாடியில் மாமியார். எப்போது போன் செய்து “எப்படிடி இருக்கு?” என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: “பழகிடுச்சும்மா.” மாமியாரைக் காட்டு என்பேன். அந்தம்மா திரையில் வந்து, கையை ஆட்டி ஆட்டி, சிரித்துச் சிரித்து மூச்சுவிடாமல் பேசுவார். முடிந்ததும் என் மகள், “நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாங்கம்மா” என்பாள். அவ்வளவு பேச்சுக்கு இவ்வளவுதானா அர்த்தம்? நடுவில் இவள் எதையோ முழுங்குகிறாள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? ‘என் பெண்ணுக்கு அந்த ஊர் பழகிவிட்டதா?’ என்று, இவள் நடுவில் இல்லாமல், அந்தம்மாவிடம் நானே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்காகத்தான் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் பிள்ளைகள். பாதிப் பேர் கம்பெனி வண்டியில் உட்கார்ந்தபடி, கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள். நான் ஒருத்திதான் தலைவாரிப் பொட்டு வைத்துக்கொண்டு முதல் பெஞ்சு மாதிரி உட்கார்ந்திருப்பேன். அதனால் எல்லாக் கேள்வியும் எனக்கே வரும்.

வழக்கமாகச் செய்கிற காரியத்துக்கு ‘சோலேர்’ என்றாள் டீச்சர். புதிதாக ஒன்றுக்குப் பழகிக்கொள்வது ‘அகோஸ்தும்ப்ரார்சே’. பழகி முடித்து நிம்மதியாக உட்கார்ந்துவிட்டால் ‘எஸ்தார் அகோஸ்தும்ப்ராதோ’. உதாரணத்துக்கு நான் வெளியே எங்கும் போகவில்லை. என் கணவர் பேப்பரை உரக்கப் படிப்பது வழக்கம், அது சோலேர். அதற்கு நான் பழகிப்போய்விட்டேன், அது மூன்றாவது. குடித்த காபி டம்ளரைத் தானே கழுவ அவர் இன்னும் பழகிக்கொள்ளவில்லை, அது இரண்டாவது. டீச்சர் ரொம்பவும் பாராட்டினாள். சோலேரை எதிர்காலத்தில் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னாள். அப்படியானால் அது எங்கள் வீட்டுக்கு உதவாத சொல். இவர் செய்கிற வேலையெல்லாம் நாளைக்குத்தான்.

அவர் மட்டும் சும்மா விடுவாரா? மாநில அரசு ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆன மனிதர். அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டே சம்பளம் வாங்கியவர். நான் காய் நறுக்கிக்கொண்டே அகோஸ்தும்ப்ரார்சே என்று முணுமுணுத்தால், “பார்த்தும்மா, பல் செட்டு தெறிச்சு சாம்பார்ல விழப்போகுது” என்பார். எனக்குப் பல் செட்டே கிடையாது. அவருக்குத்தான் உண்டு.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. ‘பழகிய நிலையில் இருக்கிறாளா’ என்று கேட்டால் ஊரார் கேட்பது மாதிரி இருந்தது. ‘பழகிக்கொண்டுவிட்டாளா’ என்றால்தான் அதற்குள் அவள் பட்ட பாடும் சேர்ந்து வரும். ‘மி ஈஹா சே ஆ அகோஸ்தும்ப்ராதோ?’ இதையே முடிவு செய்து, குக்கர் விசிலுக்கு நடுவில் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

மார்கழியில் சம்பந்தியம்மா வந்தார். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் உடனே லீவு கிடைக்கவில்லை, அந்தம்மா மூன்று நாள் முன்னதாகத் தனியாகவே வந்து இறங்கிவிட்டார். தைரியசாலி. எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருந்தேன். எங்கள் வீட்டில் மாமனார் காலத்திலிருந்தே பகல் பன்னிரண்டுக்குத் தட்டு வைத்துவிடுவோம். ஆனால் போன புதிதில் மகள் சொல்லியிருந்தாள்: “இங்க ரெண்டரைக்குத்தாம்மா மத்தியானச் சாப்பாடு.” வந்த விருந்தாளியை நம் நேரத்துக்கு இழுக்கலாமா? இரண்டரைக்கு முன்னால் சமையலறைப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

“யாரும்னா நான்தானே?”

“வேற யார் இருக்கா இங்க?”

முதல் நாள் பன்னிரண்டு அடித்ததும் சம்பந்தியம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். அவரைக்கொட்டை சாம்பாரை முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். சமையலில் ஆர்வம்போல என்று நினைத்து, அஞ்சறைப்பெட்டியைத் திறந்து கடுகு, சீரகம், வெந்தயம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். தலையாட்டினார். பிறகு போய் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தார். ஒரு மணிக்கு எதிர்வீட்டம்மா வாசலில் நின்று, “ஊட்டா ஆய்த்தா?”, சாப்பாடு ஆயிற்றா என்று வழக்கம்போலக் கன்னடத்தில் கேட்டபோது, என் கணவர் “ஆய்த்து, ஆய்த்து” என்றார். அந்தக் குரலைக் கேட்டு எனக்கே பாவமாக இருந்தது. இரண்டாவது நாள் என் கணவர் பூஜைக்கு வைத்திருந்த வாழைப்பழத்தைத் தேடிக்கொண்டு போனார். பழம் இல்லை. தோல் சம்பந்தியம்மாவின் அறைக் குப்பைக்கூடையில் இருந்தது. வெள்ளைக்காரர்களுக்குப் பழம் பிடிக்கும் என்று சமாதானம் சொன்னேன்.

மூன்றாவது நாள் விட்டால் பிறகு மகள் வந்துவிடுவாள். பூ வாங்கிவரச் சொல்லிக் கணவரை எட்டாவது கிராஸ் தெருவுக்குத் துரத்திவிட்டு, சம்பந்தியம்மாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கேட்டேவிட்டேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

அந்தம்மாவின் முகம் மலர்ந்தது. பேச ஆரம்பித்தார். ஐயோ, அணை திறந்த மாதிரி பேசினார். கேள்வியை அத்தனை மாதம் மனப்பாடம் செய்தவள், பதில் என்று ஒன்று வரும் என்பதை யோசிக்கவே இல்லை! ஒரு வார்த்தை பிடிபடவில்லை. “தெஸ்பாசியோ, தெஸ்பாசியோ” என்று கெஞ்சினேன். மெதுவாக, மெதுவாக.

நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். பன்னிரண்டு தாண்டியிருந்தது. பிறகு தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

“எய்யா, நோ. யோ” என்றார். அவள் இல்லை. நான்.

பிறகு குழந்தைக்குச் சோறூட்டுவது மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். என் பெண் போன புதிதில் இரண்டரை மணி வரை வாயைத் திறக்காமல் காத்திருப்பாளாம். முகம் வாடிப்போகுமாம். ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு இவர் கீழே இறங்கி வந்து பார்த்தால், அடுப்படியில் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம், தனியாக. அவரைக் கண்டதும் திருடி மாதிரி பாத்திரத்தை ஒளித்தாளாம். இவர் இரண்டு தட்டை எடுத்து மேஜைமேல் வைத்திருக்கிறார். அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பாடு. அக்கம்பக்கத்தில் எல்லோரும் சிரிக்கிறார்களாம். “மே ஏ அகோஸ்தும்ப்ராதோ” என்றார். நான் பழகிக்கொண்டுவிட்டேன்.

பிறகு ரொம்பப் பணிவாக, இந்த வீட்டில் ஏன் இவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு முதலில் வந்ததா, அழுகை முதலில் வந்ததா தெரியவில்லை. அந்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் என் முதுகைத் தடவிவிட்டு, மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஓடிப்போய்த் தட்டுகளை எடுத்து வைத்தேன்.

பூவோடு திரும்பிய கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். “மணி பன்னெண்டேகால்தானே ஆகுது? எனக்கு மட்டும்தான் ரெண்டரையா?”

“கையைக் கழுவிட்டு வாங்க. பேசாதீங்க.”

அப்போது மகள் கூப்பிட்டாள். நடுவழியில் விமானம் மாறக் காத்திருந்தாளாம். “பேச்சு புரியாம கஷ்டப்படறியாம்மா? ராத்திரி வந்துடுவேன், நான் சொல்லிடறேன். என்ன பண்றீங்க எல்லாரும்?”

“சாப்பிடறோம்.”

“அவங்களுமா?” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “சொல்லிட்டாங்களா? அதெல்லாம் முன்னாடிம்மா. இப்ப பழகிடுச்சு” என்றாள்.

“தெரியும்டி” என்றேன். “உனக்கில்ல, உன் மாமியாருக்கு.”

போனை அந்தம்மா கையில் கொடுத்துவிட்டு, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டேன்.