அம்மாவை மறுபடி ஜீப்பில் ஏற்றிய கடிதம்

மலர், கதிர், இன்று காலை நீங்கள் "பிகாஸ், ஆல்தோ, தேர்ஃபோர்" என்று சத்தம் போட்டுப் படித்தபோது நான் தோசையைத் திருப்ப மறந்துவிட்டேன். என் எட்டு வயதில், என் அக்காவான உங்கள் அத்தையின் வாயில் நான் கேட்ட வார்த்தைகள் அவை.

அப்போது என் அம்மா கம்பம் ஊரிலிருந்து தினமும் ஜீப்பில் கேரள மலையேறி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போவாள். வீட்டில் வேறு வருமானம் இல்லை. எனக்குக் காய்ச்சல் கண்டு அவள் நான்கு நாள் போகாமலிருக்க, அவள் இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிட்டார்கள். மேனேஜர் மலையாளி, தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒன்பதாவது படித்த அக்கா இங்கிலீஷில் கடிதம் எழுதி அர்த்தம் சொன்னாள்: "மகனுக்குக் காய்ச்சல். நான் வரவில்லை. வேலை வேண்டும்."

"என்னடி, கல்லெறியிற மாதிரி ஒண்ணொண்ணா விழுகுது? நான் என்ன வேணும்னேவா வீட்ல இருந்தேன்? எதனால வரல, அதுக்காக என்ன கேக்குறேன்னு கோத்து எழுது ஆத்தா" என்றாள் அம்மா.

அக்கா நோட்டைப் புரட்டி, காலையில் நீங்கள் படித்த இதே வார்த்தைகளைத் தேடிச் சேர்த்து, மறுபடி எழுதி வாசித்துக் காட்டினாள்.

மறுநாள் பஸ்ஸில் போய்க் கடிதத்தைக் கொடுத்த அம்மா, சாயங்காலம் ஜீப்பில் வந்து இறங்கினாள். கையெல்லாம் பச்சை ஏலக்காய் வாசனை.

"வக்கீல் எழுதுனதான்னு கேட்டாக. எம் மக எழுதுனதுன்னேன்!" என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

நீங்கள் பள்ளிக்குப் போனதும், 'பிகாஸ்' போட்டு, எனக்குக் காய்ச்சல் என்பதால்தான் அம்மா அன்று வேலைக்குப் போகவில்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதினேன். யாரும் இல்லாத வீட்டில் அதை மூன்று முறை சத்தமாக வாசித்தேன்.