எங்கள் இறுவட்டில் விட்ட இடைவெளி

எங்கள் முதல் இறுவட்டை முதன்முதலில் விமர்சித்தவர் ஒரு ஆட்டோக்காரர். பஸ் நிலையத்தில் இறுவட்டுகள் வந்த பெட்டியை எடுத்துக்கொண்டு அவரது ஆட்டோவில் ஏறினோம். பொறுமையில்லாமல் ஒன்றைப் பிரித்துப் போடக் கொடுத்தோம். இரண்டாவது பாட்டின் நடுவில் அவர் பிளேயரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"தம்பியவை, சீடி நிண்டு நிண்டு ஓடுது."

சீடி நிற்கவில்லை, நாங்கள்தான் நின்றிருந்தோம். "எங்கயும் போகேல்ல நான்" என்று நான் கத்தி முடித்ததும் கிற்றாரும் இல்லை, ட்ரம்ஸும் இல்லை. நாலு தட்டுக்கு வெறும் அமைதி, பிறகு மறுபடி இரைச்சல். பாட்டில் ஆறு இடத்தில் இப்படி.

ட்ரம்ஸ் அடிப்பவன் என் மாமாவின் மகன். அவனும் நானும் சின்ன வயதிலிருந்தே எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழு. பூசையில் பதிலுரைப் பாடலின் வரியை நாங்கள் ஒருமுறை பாடி நிறுத்துவோம், சனம் அதைத் திருப்பிப் பாடும். அந்தப் பழக்கம் எங்கள் எலும்பில் ஊறிக் கிடந்திருக்கிறது. பாப் பங்க் ரொக் என்று துள்ளிக்கொண்டு பாட்டுக் கட்டி, அப்பாவின் வலைக் கொட்டிலில் மெத்தைகளைச் சாத்தி, சோளகக் காற்று கொஞ்சம் அடங்கும் காலைகளில் பதிவு செய்தபோதும், அங்கே இல்லாத சனத்துக்குப் பக்குவமாக இடம் விட்டிருக்கிறோம். அது பிழையென்று எங்கள் காதுக்குப் படவேயில்லை.

பேஸ் வாசிக்கும் நண்பன் எருக்கலம்பிட்டி முஸ்லிம். அவனுக்குப் பூசைப் பழக்கம் இல்லை. "நீயாவது சொல்லியிருக்கலாமேடா" என்று அவன் மேல் பாய்ந்தேன்.

"உங்கட கோயில் முறை ஏதோ எண்டு நினைச்சன் மச்சான். அதில நான் வாய் வைக்கக்கூடாதெண்டு பேசாம இருந்தனான்."

அவனுடைய மரியாதையைக் கொண்டுபோய்க் கடலில் போட வேண்டும் போலிருந்தது.

வேறு நேரமென்றால் சிரித்திருப்பேன். ஆனால் கட்டாரில் இருக்கும் அத்தான் எனக்கு அங்கே வேலை ஒழுங்குசெய்து அனுப்பிய தாள்கள் அப்பாவின் அலுமாரியில் கிடந்தன. அப்பா சொல்லிவிட்டார்: வெளியீட்டு விழாவில் சனம் இருந்து கேட்டால் நான் மன்னாரில் நிற்கலாம், எழும்பிப் போனால் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குப் போக விருப்பமில்லை. அந்தப் பாட்டை எழுதியதே அதற்காகத்தான்.

மேடையிலாவது நிறுத்தாமல் வாசிப்பது என்று மூவரும் சத்தியம் செய்துகொண்டோம்.

கோயில் மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் விழா. எங்கள் ஊரில் பங்க் இறுவட்டானாலும் மங்கல விளக்கு ஏற்றித்தான் ஆக வேண்டும். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, முதற்பிரதி வழங்கல். உரைகளுக்கெல்லாம் ஆடாமல் இருந்த சனம், எங்கள் முதல் பாட்டுக்குக் காதைப் பொத்தியது. பின்வரிசையில் கதிரைகள் உரசும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் அப்பா கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாட்டு. "எங்கயும் போகேல்ல நான்!" என்று கத்தினேன். சத்தியமாவது மண்ணாவது, கை தானாக நின்றுவிட்டது. மாமாவின் மகனும் நிறுத்திவிட்டான். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

மண்டபம் திருப்பிப் பாடியது.

ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. காலையில் பூசையில் பாடிய அதே சனம், அதே இழுவையில், வாய் நிறைய "எங்கயும் போகேல்ல நான்" என்றது. இரண்டாம் முறை கூரைத் தகரம் அதிர்ந்தது. மூன்றாம் முறை எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த நண்பனின் வீட்டாரும் பிடித்துக்கொண்டார்கள். போக எழும்பியவர்கள் நின்றபடியே கத்தினார்கள். நான் பாடிக்கொண்டே அழுதேன். அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

அப்பாவின் வாய் மட்டும் கடைசிவரை அசையவில்லை.

விழா முடிந்து வாசலில் இறுவட்டு வாங்கச் சனம் நெருக்கியது. அதற்குள் நின்று அப்பா ஃபோனில் அத்தானோடு கதைத்துக்கொண்டிருந்தார். "ஓம் தம்பி, குறை நினைக்காதேங்கோ. அவன் வரேல்ல." அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. அப்பா படகுக்குப் படகு கூப்பிடும் தொண்டையைத் திறந்தார்.

"எங்கயும் போகேல்ல அவன்!"

வாசலில் நின்ற சனம் அதையும் திருப்பிப் பாடியது.