அடியோஸ் சொல்லாத மத்தியானம்

இன்டர்லாக்கனில் நானும் கணவரும் ஒரே ஹோட்டலில் வேலை செய்தோம். அவர் சமையலறையில் பாத்திரம் கழுவினார். நான் நிலவறையில் இருந்த சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகள் மடித்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் அகதி விண்ணப்பம் பெர்ணில் யாருடைய மேசையிலோ கிடந்தது. ஊரில் நான் தபால் கந்தோரில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறவர்கள், "பிள்ளை, ஒரு முத்திரை தாரும்" என்பார்கள். நான் தலையை ஆட்டிவிட்டுக் கொடுப்பேன். அதற்குமேல் யாரும் என்னிடம் எதிர்பார்க்கவில்லை. மரியாதை தெரியாதவள் என்ற பெயரை நான் எடுத்தது சுவிஸுக்கு வந்த பிறகுதான்.

சலவைப் பகுதியில் ஆறு பெண்கள். என்னைத் தவிர எல்லோரும் ஸ்பானியர். பொறுப்பாக இருந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாவைச் சேர்ந்தவர். வருடத்தில் ஒன்பது மாதம் மட்டும் தங்கி வேலை செய்ய அவர்களுக்கு அனுமதி. குடும்பத்தைக் கூட்டிவர முடியாது. பதினாறு வருடமாக அப்படி வந்து போய்க்கொண்டிருந்தார். நானும் கணவரும் எங்களுக்குள் அவரைக் கலீசியா அம்மா என்றுதான் சொல்லுவோம்.

முதல் நாள் காலை, "போனவுடனை எல்லாருக்கும் கை குடும். இஞ்சத்தைய முறை அதுதான்" என்று கணவர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் கையை நீட்டிக்கொண்டே போனேன். கலீசியா அம்மா அந்தக் கையைக் கவனிக்கவேயில்லை. என் இரண்டு தோள்களையும் பிடித்து, தன் முகத்தை என் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். நான் பயந்துபோய் ஓர் எட்டுப் பின்னால் வைத்தேன். பின்னால் ஈர விரிப்புகள் நிரம்பிய தள்ளுவண்டி நின்றது. அதற்குள்ளேயே விழுந்து இருந்துவிட்டேன். மற்ற நாலு பெண்களும் சிரித்தார்கள். கலீசியா அம்மா சிரிக்கவில்லை. என்னைத் தூக்கிவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "புவெனோ" என்று மட்டும் சொன்னார். சரி, போகட்டும் என்ற மாதிரி ஒரு சொல் அது.

அன்று பின்னேரம் கணவரிடம் சண்டை பிடித்தேன். "உங்களுக்குத் தெரியாதோ? அவையள் கொஞ்சுவினம் எண்டு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதோ?"

"எனக்கு ஆர் கொஞ்சினது?" என்றார் அவர். அவருடைய சமையலறையில் எல்லோரும் ஆண்கள்.

பிறகு பார்த்துப் பார்த்துத்தான் பிடித்துக்கொண்டேன். முதன்முதல் சந்திக்கும்போதும், விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போதும், பிறந்தநாளிலும் இரண்டு கன்னத்திலும் கன்னத்தை வைக்க வேண்டும். உதடு படக்கூடாது; சத்தம் மட்டும் காற்றில் வரவேண்டும். மற்ற நாட்களில் உள்ளே வந்ததும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முகமன் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குவது அவர்களிடம் செல்லாது. வேலை முடிந்து போகும்போதும் அப்படித்தான். ஒருவரை விட்டுவிட்டாலும், அவரோடு உனக்கு என்ன கோபம் என்று மற்றவர்கள் கேட்பார்கள். எனக்கோ காலை ஏழு மணிக்கு வாய் திறப்பதே பெரும்பாடு.

சாப்பாட்டு அறையில் இன்னொரு வில்லங்கம். சாப்பிடுகிறவர்களைக் கடந்து போனால், நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்திவிட்டுப் போக வேண்டும். சாப்பிடுகிறவரின் தட்டைப் பார்க்காதே என்று கேட்டு வளர்ந்தவள் நான். தலையைக் குனிந்துகொண்டு போனேன். பெருமை பிடித்தவள் என்று கதை வந்தது. ஒரு நாள் இஸ்திரி போடும் இளம்பெண் ஒருத்தி தன் தட்டைக் காட்டி, கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள். உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்துச் சுட்ட தடித்த ரொட்டி போன்ற ஒன்று. எங்கள் ஊரில் ஒருவர் நீட்டியதை வேண்டாம் என்றால் முகம் கறுத்துவிடும். அதனால் பாதியை வெட்டி எடுத்துச் சாப்பிட்டேன். அவளுடைய முகம் கறுத்தது. அது கேட்பதற்காகக் கேட்பதாம். நன்றி, நீ சாப்பிடு என்று சொல்லியிருக்க வேண்டுமாம். இதை எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? ஒருவருமில்லை. பிழைவிட்ட பிறகு எல்லோருக்கும் சிரிக்கத் தெரிந்திருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது இங்கேதான். நான் அவர்களுடைய முறைகளை ஒவ்வொன்றாக விழுந்தெழும்பிப் படித்தேன். அந்த அறையில் எங்களுக்கென்று ஒரு முறை இருக்கும் என்று ஒருவர்கூட யோசித்ததாகத் தெரியவில்லை. இடது கையால் காசைத் தருவார்கள். காலால் துணிக்கூடையைத் தள்ளிவிடுவார்கள். நான் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லவும் மொழியில்லை. அவர்களுடைய ஜெர்மன் என்னுடையதைவிட மோசம். எனக்கு ஸ்பானிய மொழியில் விரிப்பு, தலையணை உறை, சீக்கிரம் என்று இருபது சொல் தெரியும்.

புரட்டாதி மாதமளவில் ஒரு நாள், காலை வேலை முடியும் நேரம், கலீசியா அம்மாவை வரவேற்பறைத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்கள். போனவர் திரும்பி வரவில்லை. இளம்பெண்தான் வந்து சொன்னாள். அவருடைய தாயார் ஊரில் இறந்துவிட்டார். அடுத்த நாளே அடக்கம். ரயிலில் போய்ச் சேர இரண்டு நாளாகும். அதனால் அவர் போகவில்லை.

அந்தச் செய்தி என்னை வேறு மாதிரித் தாக்கியது. அந்த வருடம் மாசியில் என் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்திருந்தார். எனக்குத் தெரிந்தது கடிதத்தில். அது வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது. அன்று நான் வேலைக்குப் போனேன். யாருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. விரிப்பை மடித்துக்கொண்டே அழுததை, கண்ணில் சவர்க்காரம் பட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

ஆகவே அன்றைய மத்தியான இடைவேளையில் நான் எல்லோருக்கும் முதல் அவருடைய அறைக்கு ஓடினேன். ஹோட்டலுக்குப் பின்னால் வேலைக்காரருக்கென்று இருந்த கட்டிடத்தில், நாங்கள் தங்கியிருந்த மாடியிலேயே அவருடைய அறையும் இருந்தது. அவர் கறுப்புச் சட்டை மாற்றிக்கொண்டு கட்டிலில் இருந்தார். பக்கத்தில் இருந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அவர் தன் மொழியில் எதையோ சொல்லிச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். அவருடைய தாய்க்கா, என்னுடைய அப்பாவுக்கா என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அரை மணித்தியாலம் அப்படியே இருந்திருப்போம். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் கன்னத்தோடு கன்னம் வைத்து, ஒரே வாசகத்தைச் சொன்னார்கள். அறை நிறைந்ததும் நான் எழும்பி, ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். செத்தவீட்டில் 'போட்டு வாறன்' என்று சொல்லக்கூடாது. எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

வெளியே வந்தவள் நேராக மாடியின் கோடியில் இருந்த குளியலறைக்குப் போய்த் தலை முழுகினேன். யோசித்துச் செய்ததில்லை. கால் தானாகப் போனது. ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வரும்போது இளம்பெண் எதிரே வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கலீசியா அம்மா வேலைக்கு வந்தார். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி முகமன் சொன்னார். என்னிடம் வந்ததும், என் முகத்துக்கு மேலாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கடந்து போனார். தவறுதலாக விட்டிருப்பார் என்று நினைத்தேன். பின்னேரமும் அப்படியே. அடுத்த நாளும் அப்படியே. வேலை சொல்ல வேண்டியிருந்தால் இளம்பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். நான் மூன்று அடி தூரத்தில் நின்றேன்.

அன்று சொல்லாமல் வெளியே வந்ததுதான் காரணம் என்று ஊகித்து, நாலாம் நாள் அவரைத் தனியாகப் பிடித்து, எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கப் பார்த்தேன். "எங்கட நாடு. செத்தவீடு. வணக்கம் இல்லை" என்கிற மாதிரி ஏதோ வந்தது. அவருடைய முகம் இன்னும் இறுகியது. செத்தவருக்கு நாங்கள் மரியாதை செய்வதில்லை என்று விளங்கிக்கொண்டிருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது.

"விடும். நாலு நாளிலை மறந்துபோவா" என்றார் கணவர்.

"நானும் மறக்கவேணுமே! நான் அழுதனான். அவவின்ரை கையைப் பிடிச்சு அழுதனான். அது கணக்கில்லையோ? கதவடியிலை ஒரு சொல்லுச் சொல்லேல்லை எண்டு இப்பிடியோ?"

"அதுக்கு என்னோடை ஏன் கத்துறீர்?"

வேறு யாரோடு கத்துவது? அந்த ஊரில் எனக்குத் தமிழில் கத்த இருந்தவர் அவர் ஒருவர்தான்.

கடைசியில் உணவுமண்டபத்தில் பரிமாறும் ஸ்பானியர் ஒருவரைப் பிடித்தேன். ஆங்கில உல்லாசப் பயணிகள் வரும் தீவொன்றில் வேலை செய்து ஆங்கிலம் பழகியவர். எனக்கும் கந்தோர் ஆங்கிலம் இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். கலீசியா அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு, மொழிபெயர்க்க வந்தவரை மட்டும் பார்த்தார்.

நான் சொன்னேன், அவர் மொழிபெயர்த்தார். எங்கள் மொழியில் விடைபெறும்போது 'வருகிறேன்' என்றுதான் சொல்லுவோம். திரும்பவும் வருவேன் என்பது அதற்குள் இருக்கிறது. இப்படியொரு துக்கத்துக்குத் திரும்ப வருவேன் என்று சொல்லலாமா? அதனால்தான் சொல்லாமல் வருவது.

கலீசியா அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வசனம் சொன்னார். மொழிபெயர்த்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அடியோஸ் என்று சொல்லியிருக்கலாமே என்கிறார். அதில் திரும்பி வருவது இல்லை. கடவுளிடம் ஒப்படைப்பதுதான் இருக்கிறது."

அவர்களுடைய சொல்லை அவர்களுடைய இடத்தில் சொல்லியிருக்கலாம்தான். சொல்லத் தோன்றவில்லை. அழுகிற நேரத்தில் எந்தச் சொல்லில் எந்த அர்த்தம் இருக்கிறதென்று யார் பார்க்கிறார்கள்?

அடுத்தது அவர் கேட்டது குளிப்பைப் பற்றி. இளம்பெண் போய்ச் சொல்லியிருக்கிறாள். "என் தாய் அழுக்கா? உடல்கூட இங்கே இல்லையே."

"அழுக்கென்று இல்லை. எங்கள் வழக்கம். அப்பாவின் கடிதம் வந்த அன்றும் நான் முழுகினேன்" என்றேன்.

மொழிபெயர்த்தவர் நிறுத்தினார். "எந்தக் கடிதம்?"

சொன்னேன். மாசி மாதம், அப்பா, அந்தியேட்டிக்குப் பிறகு வந்த கடிதம். அவர் மொழிபெயர்த்து முடிக்க முன்னரே கலீசியா அம்மா எழும்பிவிட்டார். அத்தனை நாளில் முதன்முதலாக என்னை நேரே பார்த்துக் கத்தினார். எனக்கு விளங்காவிட்டாலும், அது கோபம் என்பது விளங்கியது.

"பக்கத்தில் நின்று வேலை செய்கிற பெண்ணின் தகப்பன் செத்திருக்கிறார், அவள் வாய் திறக்காமல் விரிப்பு மடித்திருக்கிறாள், எங்களை என்ன மிருகங்கள் என்றா நினைத்தாள் என்று கேட்கிறார்."

அழுதுவிடுவேன் போலிருந்தது, ஆனால் அழவில்லை. எரிச்சல்தான் மிஞ்சியது. சொல்லாமல் வந்ததும் குற்றம், சொல்லாமல் விட்டதும் குற்றம்!

அடுத்த நாள் மத்தியானம் எங்கள் அறைக் கதவில் தட்டினார்கள். திறந்தால் ஐந்து பெண்களும் நிற்கிறார்கள். ஐந்து பேரும் கறுப்பு உடுத்திருந்தார்கள். கலீசியா அம்மா முன்னால் நின்றார். அப்பா செத்து ஏழு மாதம் கழித்துச் செத்தவீட்டுக்கு வந்திருக்கிறார்கள்! கணவர் உள்ளங்கிச் சட்டையோடு கட்டிலில் படுத்திருந்தவர் துள்ளி எழும்பினார். இருப்பதற்கு ஒரே ஒரு கதிரை. நாலு பேர் கட்டிலில் இருந்தார்கள். ஒவ்வொருவரும் வந்து கன்னத்தோடு கன்னம் வைத்து அதே வாசகத்தைச் சொன்னார்கள். கணவருக்கும் செய்தார்கள், அவர் மரம் போல நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் தேத்தண்ணி போடப் போனேன். செத்தவீட்டுக்காரி தேத்தண்ணி போடக்கூடாது என்பது கேத்திலை அடுப்பில் வைத்த பிறகுதான் நினைவு வந்தது. இருந்தும் போட்டேன்.

அலுமாரிக்கு மேலே இருந்த அப்பாவின் படத்தைக் கலீசியா அம்மா கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு கனநேரம் பார்த்தார். அவருடைய பெயரென்ன என்று கேட்டார். சொன்னேன். மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். மூன்று தரமும் பிழையாகச் சொன்னார். நான் திருத்தவில்லை.

போகும்போது கதவடியில் பத்து நிமிடம் விடைபெற்றார்கள். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

அவர்கள் போனதும் கணவர், "நல்ல சனம்" என்றார்.

"ஓம், நல்ல சனம்தான்" என்றேன். சொல்லும்போதே ஆத்திரம் வந்தது. அப்பா செத்தபோது அயலட்டைச் சனம் வந்து சுற்றியிருக்க வேண்டிய வீட்டை நினைத்துத்தான் அந்த ஆத்திரம். அதை இந்த ஐந்து பேரில் காட்டுவது நியாயமில்லை என்பது தெரியும்.

மறுநாள் முதல் கலீசியா அம்மா எனக்கும் முகமன் சொன்னார். ஆனால் அதுவரை என்னை 'நீ' என்று அழைத்தவர், அன்றிலிருந்து 'நீங்கள்' என்று மாறினார். அவர்களுடைய மொழியிலும் எங்களுடையதைப் போல இரண்டும் உண்டு. மொழிபெயர்த்தவரிடம் கேட்டேன். "அது மரியாதை" என்றார். தமிழ் பேசுகிற எனக்கு அதை விளக்கத் தேவையில்லை. சண்டை முடிந்த வீட்டில் 'நீங்கள்' என்பது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். மரியாதையும் அதற்குள் இருந்திருக்கலாம். எது எவ்வளவு என்று கடைசிவரை பிடிபடவில்லை.

கார்த்திகையில் ஹோட்டல் பனிக்காலத்துக்காக மூடியது. அவர்கள் ரயிலேறிப் போனார்கள். அடுத்த வசந்தத்துக்கு முன்னரே கணவருக்கு லாங்கன்தாலில் தொழிற்சாலை வேலை கிடைத்து, நாங்களும் இன்டர்லாக்கனை விட்டுப் போய்விட்டோம். அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டுமென்று இரண்டு தரம் பேனையும் தாளுமாக இருந்தேன். 'நீ' என்று தொடங்குவதா, 'நீங்கள்' என்று தொடங்குவதா என்பதிலேயே எழுத்து நின்றுவிட்டது.