அண்ணன் சொல்லியனுப்பியது

என் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் என் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவே வாய் திறந்து பழக்கமில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம், குடமுருட்டிக் கரையில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால், மீசை முளைக்கும் முன்பே குத்தகை நிலத்தில் ஏர் பிடித்தார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தவர் அவர். என் வீட்டுக்காரர் இறந்தபோது பதினாறாம் நாளே வந்து, "கெளம்பும்மா, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று அழைத்துப்போனவரும் அவர்தான். நான் சாப்பிட்டேனா என்று கேட்காமல் ஒரு நாளும் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

அப்படிப்பட்டவர் மேல் ஊரில் ஒரு கெட்ட பெயர் நிற்கிறது. செல்வியின் தேனீக்களைச் சொல்லாமல் கொள்ளாமல் கொன்றவர் என்று. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

செல்வி எங்களுக்கு மகள் முறை. எங்கள் எள் வயலை ஒட்டிய தென்னந்தோப்பில் தேனீப் பெட்டி வைத்திருந்தாள். போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில் எள் பூத்து நின்றபோது புழு விழுந்தது. பூச்சிமருந்துக் கடைக்காரர் இரண்டு டப்பா மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார்.

"அடிக்கிறதுன்னா முதல் நாளே ஒரு வார்த்த சொல்லுங்க பெரியப்பா. சாயங்காலம் எல்லாம் அடைஞ்சதும் பெட்டி வாய மூடிடுறேன்" என்றாள் செல்வி.

"சொல்லாம அடிப்பனா?" என்றார் அண்ணன்.

இரண்டு நாள் கழித்து, மருந்தடிக்கும் ட்ரோன்காரர் மறுநாள் காலையில் வருவதாகப் போன் செய்தார். அந்தச் சாயங்காலமே அண்ணன் என்னைச் செல்வி வீட்டுக்கு அனுப்பினார். போனேன். வாசலில் கார் நின்றது. செல்வி மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பூவும் பழமுமாகத் தட்டுகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. அந்த நேரத்தில், தாலியறுத்தவள் நான், எப்படி எதிரே போய் நிற்பேன்? தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன். விடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அண்ணனிடம், "ஆச்சு" என்று மட்டும் சொன்னேன்.

ஆனால் விடியும்போதே ட்ரோன் வந்துவிட்டது. நான் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு ஓடுவதற்குள் பாதி வயல் அடித்தாகிவிட்டது. அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்தது போல ஒரு நெடி. எள்ளுப் பூவுக்குள் தலையை விட்டிருந்த தேனீக்கள் அப்படியே பொத்து பொத்தென்று விழுந்தன. விழுந்தவை சாகவும் இல்லை. நாக்கை நீட்டிக்கொண்டு, மல்லாந்து, ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி வந்தன. வேலை முடிந்த ட்ரோன்காரர், மாடு தண்ணீர் குடிக்கிற வாய்க்காலிலேயே டேங்கைக் கழுவி ஊற்றினார். இந்தக் கண்றாவிக்கு மருந்து என்று பெயர்.

மத்தியானம் செல்வி ஒரு முறம் நிறையச் செத்த தேனீக்களை அள்ளிவந்து எங்கள் வாசலில் கொட்டினாள்.

"இந்தாங்க பெரியப்பா. ஒங்க வயலுக்கு விருந்துக்கு வந்ததுங்க."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மறந்துட்டேம்மா" என்றார் அவளிடம்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த அருவருப்பு, அந்த நெடியைவிட மோசம்.

மறுநாள் அண்ணன் மருந்துக்கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். "இது தேனீய ஒண்ணும் பண்ணாதுங்க ஐயா, பூச்சிய மட்டுந்தான் கொல்லும்" என்றார் கடைக்காரர்.

"தேனீ பூச்சியில்லாம ஆடாய்யா?" என்று கேட்டுவிட்டு வந்தார். அதன்பின் அந்தப் படி ஏறவில்லை.

அந்த வருஷம் கொல்லைப் பரங்கிக்கொடியில் பூத்த பூவெல்லாம் வீண். பிஞ்சு மஞ்சளித்து, வெம்பி, கையோடு வந்தது. அண்ணன் காலையில் ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, ஒவ்வொரு பெண்பூவாகத் தொட்டுக்கொண்டு போவார். முதுகு நிமிராது. அந்தப் பக்கம் போன செல்வி, "என்ன பெரியப்பா, தேனீ வேலைக்குச் சேந்துட்டீங்களா? ரெக்கை எங்க?" என்றாள். அவர் அடுத்த பெண்பூவைத் தேடிப் போனார். வாயற்ற ஜீவன்கள் கேட்காமலே செய்துகொடுத்த வேலையை, அவற்றைக் கொன்றுவிட்டு எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிதர் குனிந்து செய்துகொண்டிருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசியில் நெஞ்சுவலி வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். "செல்விகிட்ட உண்மையச் சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. விசேஷத்துக்கு ஒன்ன ஒதுக்குறானுவ. இதுவும் சேந்துக்கும். எனக்கென்ன, போற கட்ட" என்றார். அண்ணன் பேச்சை நான் மீறுவது இது இரண்டாம் தடவை.

ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும், தோள் கொடுத்துத் தூக்கியவர்களுக்கும், கருமாதிவரை கூடவே நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செல்வி, மனத்தாங்கலை வைத்துக்கொண்டும் நீ அன்று வந்து அவர் வாயில் அரிசி போட்டாய். உனக்கு நன்றி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. பூத்த வயலில் விஷம் அடித்த பாவம் அண்ணனுடையது. அதை அவர் மறுக்கவில்லை. ஆனால் உன்னிடம் கொடுத்த வாக்கை அவர் மறக்கவில்லை, தாயி. சொல்லித்தான் அனுப்பினார். வராமல் திரும்பியவள் நான்.