கடல் பார்க்கப் போன பாக்கியம்

போன வாரம் மலைமேல் வட்டக்கானலில் ஒரு டீ குடித்தேன். வேண்டாதவர்களுக்குக்கூட அப்படி ஒரு டீயைக் கொடுக்கக் கூடாது.

போட்டுக் கொண்டுவந்தவர் தங்கராசு. வழக்கமாகப் போடுவது அவர் மனைவி பாக்கியம். வருஷத்துக்கு ஒரு வாரம், எழுதுகிறேன் பேர்வழி என்று நான் போய்த் தங்குகிற மூன்று ரூம் கெஸ்ட் ஹவுஸ் அவர்களுடையது.

பாக்கியம் எங்கே என்று கேட்டேன். கடல் பார்க்கப் போயிருக்கிறார் என்றார். யாரோடு?

"யாரோடயும் இல்ல சார். தனியா. முதுகுல பைய மாட்டிக்கிட்டு."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். ஆச்சரியம் அப்புறம்தான் வந்தது... முதலில் சுருக்கென்றது. அந்தக் கடலைக் காட்டுகிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்!

பாக்கியம் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். குடியுரிமை இல்லை என்று திருப்பி அனுப்பியதில், ஒன்பது வயதில் குடும்பத்தோடு கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். பெரியக்கா மட்டும் வரவில்லை. கல்யாணமாகி, புருஷன் வீட்டாருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது. கொஞ்ச காலம் கடிதம் வந்தது. அப்புறம் அங்கே சண்டை. கடிதம் நின்றுபோனது.

இதில் ஒரு கொடுமை கேளுங்கள். கடலைத் தாண்டி வந்தவர், கடலைப் பார்த்ததில்லை. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். அம்மா போர்வையில் சுருட்டி, தலையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாராம். அதே போர்வையோடு ரயிலில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். இஞ்சின் சத்தமும் அம்மாவின் முந்தானை வாசமும்தான் ஞாபகம் இருக்கிறது என்பார்.

நான் மெட்ராஸில் கடலுக்கு ரெண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன். ஒரு தடவை வீட்டுக்கு வாங்களேன் என்றேன்.

"அந்தக் கடல் இல்லண்ணே. எங்க அக்கா இருக்கிற கடல்" என்றார்.

சரி, அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போறேன் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டேன். எனக்கும் அந்த ஆசை உண்டு. ராமேஸ்வரத்தில் தொடங்கி தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி வரைக்கும்... ஒரே ஒரு பை, டவுன் பஸ், கிடைத்த டார்மிட்டரியில் படுக்கை. மேப்பில் பேனாவால் கோடுகூடப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் வருஷம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் முழங்கால் வலி. மூன்றாவது வருஷம் சுனாமி. இதில் சுனாமி மட்டும்தான் நிஜமான காரணம்.

பாக்கியம் எப்படிக் கிளம்பினார்?

பத்து நாள் முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து தங்கியிருக்கிறாள். இருபத்திரண்டு வயசு இருக்கும். அந்தக் கரை முழுக்க ஒற்றை ஆளாக பஸ்ஸிலேயே சுற்றிவிட்டு வந்தவள். கேமராவில் போட்டோக்களைக் காட்டினாளாம். பாக்கியம் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். மறுநாள் அடுப்படியில் நின்றுகொண்டு தங்கராசுவிடம் சொன்னாராம்.

"அந்தப் புள்ளைக்குத் தமிழ்ல சோறு, தண்ணி, பஸ் ஸ்டாண்டு... மூணே வார்த்தைதான் தெரியுது. அத வச்சே கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வந்துருச்சு. எனக்கு மொத்தத் தமிழும் தெரியும். நான் யாருக்காகக் காத்துக்கிட்டு கெடக்கேன்?"

யாருக்காக என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன்.

சுனாமி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லையே என்று தங்கராசு தடுத்துப் பார்த்திருக்கிறார். எடுபடவில்லை. எவனோ விட்டுப்போன முதுகுப்பை ஒன்று பரணில் கிடந்திருக்கிறது. ரெண்டு சேலை, ஒரு போர்வை, ஊறுகாய் பாட்டில். வெள்ளனே கிளம்பிப் போயேவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்த அன்றைக்குச் சாயந்தரம் செல்போன் அடித்தது. காம்பவுண்டுச் சுவர் ஓரம் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். தங்கராசு கொஞ்சம் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். பாக்கியம் திருச்செந்தூரில் எஸ்டிடி பூத்தில் இருந்தார். எங்கே தங்கினீங்க என்று கேட்டேன். லாட்ஜில் தனி ஆளுக்கு ரூம் கிடையாது என்றார்களாம். சத்திரத்தில் பொம்பளைகள் ஹாலில் படுத்துக்கொண்டாராம். கூட யாரும் வரலியா என்று கேட்பவர்களிடமெல்லாம், பின்னால வர்றாங்க என்று சொல்லிவிடுகிறாராம்.

கடலைப் பார்த்தீங்களா என்றேன்.

தனுஷ்கோடிக்கு ஜீப்பில் போயிருக்கிறார்.

"அக்கரை தெரியும்னு நெனச்சேண்ணே. ஒண்ணும் தெரியல. வெறும் தண்ணி. ஜீப்புக்காரரு வெரசா வாங்கன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு... எனக்குக் காலு நகரல. அக்கான்னு ஒரு சத்தம் போட்டேன். நின்னவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க."

அக்கா உயிரோடு இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது. அக்காவுக்குக் கேட்டிருக்கும் பாக்கியம் என்றேன்.

"கேட்டுருக்காதுண்ணே. இருந்தாலும் முப்பது வருஷமா நெஞ்சுக்குள்ளயே கெடந்துச்சு. ஒரு தடவ வாய்விட்டுக் கூப்பிட்டுட்டேன்ல."

நாளைக்குக் கன்னியாகுமரி, அங்கே ரெண்டு நாள் இருந்துவிட்டு வருவேன் என்றார். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னார்.

போனை வைத்த பிறகு தங்கராசு சுவரிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்துக்காரர். விவசாயக் குடும்பம். கல்யாணம் ஆனதும் மலை ஏறியவர், சோலி சோலி என்று அப்படியே இருந்துவிட்டார். கீழே பள்ளத்தாக்கில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார்... கடல் எப்படி இருக்கும்?"

அட, இவரும் பார்த்ததில்லை!

ஊர் ஊராகப் போய்ப் பயணக் கட்டுரை எழுதுகிறவன் நான். பெரிசா இருக்கும் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்ல வேளை, முழுங்கிவிட்டேன்.

"காலையில முதல் பஸ் பிடிங்க. மதுரை ஆரப்பாளையத்துல எறங்கி, மாட்டுத்தாவணி போங்க. கன்னியாகுமரி வண்டி அங்கதான் நிக்கும். செல்போன கையிலயே வச்சுக்கங்க, பாக்கியம் கூப்பிடுவாங்க. இருட்டுறதுக்குள்ள பிடிச்சிடலாம்."

அவர் வீட்டைப் பார்த்தார், பின்பக்கம் கோழிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரூமை யார் பார்ப்பது, கோழியை யார் அடைப்பது என்று இழுத்தார்.

மறுநாள் தங்கராசு பஸ் ஏறிவிட்டார். மூன்று நாளும் கோழி அடைத்தது யார் என்று கேட்காதீர்கள்.