கட் சொன்னதும் திரும்பி வந்தவர்

நடந்தவை, வரிசையாக:

1. மலையில் ரிங்லெட் என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் திகில் படம் எடுத்தோம். இறந்த கணவன் கனவில் வருகிறான். கனவு எது, நிஜம் எது என்று மனைவிக்குப் பிடிபடாமல் போகிறது. அதுதான் கதை.
2. தோட்டத் தொழிலாளர்கள் வசிக்கும் லயத்தில் பிலோமினா அக்காவின் வீட்டை வாடகைக்கு எடுத்தோம்.
3. அக்காவின் கணவர் அதே தோட்டத்தில் மருந்து அடித்தவர். போன மழைக்காலத்தில் மண்சரிவில் இறந்துவிட்டார்.
4. ஆணியில் தொங்கிய அந்தக் கணவருடைய குளிர் ஜாக்கெட்டை இயக்குநர் கேட்டார். அக்கா கழற்றிக் கொடுத்தார்.
5. இறந்த கணவனாக நடித்த சரவணன் அதைப் போட்டுக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார்.

என் வேலை கண்டினியூட்டி. ஒரு ஷாட்டில் ஜிப் பாதி திறந்திருந்தால் அடுத்த ஷாட்டிலும் பாதிதான் திறந்திருக்க வேண்டும். இந்தப் படத்தில் கனவுக் காட்சிகளில் மட்டும் ஒரு பொருளை வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்தோம். நான் ஒன்றைத் தவறவிட்டால் பார்ப்பவர்கள் நிஜத்தையும் கனவு என்று நினைத்துவிடுவார்கள்.

முதல் நாள் அக்கா சரவணனை “சார்” என்றார். ஜாக்கெட் போட்ட பிறகு, “இந்தாங்க, டீ” என்று மட்டும் சொன்னார்.

சரவணன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “அக்கா, எனக்கு இனிப்புநீர் வியாதி இல்ல லா. சீனி போடுங்க.”

“பேய்க்கே டயட்டா!” என்றார் இயக்குநர். எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை.

கடைசி நாள் எடுத்தது, கணவன் படியிலிருந்து எழுந்து தேயிலை வரிசைகளுக்கு நடுவே மேலேறிப் பனியில் மறையும் காட்சி. ஒவ்வொரு கட்டுக்கும் சரவணன் இறங்கி வந்து மறுபடி படியில் உட்கார வேண்டும். “ஒன் மோர்” என்றால் யூனிட்டே முனகியது. அக்கா மட்டும் டீயைச் சூடாக்கப் போனார்.

கடைசியில் இயக்குநர் ஓகே சொன்னார். அக்கா என்னிடம் வந்தார்.

“ஏதாச்சும் தப்பு இருக்கா பாரும்மா. நீ சொன்னா திரும்ப எடுப்பாங்கதானே?”

“எதுக்குக்கா?”

“கட்டுன்னு சொன்னதும் திரும்பி வர்றாருல்ல. அதுக்குத்தான்.”

தப்பு இருந்தது. காலரின் ஒரு பக்கம் உள்ளே மடிந்திருந்தது. தூரத்து ஷாட் என்பதால் விட்டுவிடலாம் என்றிருந்தேன். இயக்குநரிடம் சொன்னேன்.

“இவ்வளவு தூரத்துல எவன்மா காலரைப் பார்க்கப் போறான்?”

“எனக்குத் தெரியுது சார்.”

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. திட்டிக்கொண்டே எடுத்தார். சரவணன் மேலேறி மறைந்தார். “கட்.”

பனிக்குள்ளிருந்து யாரும் வரவில்லை. மேலே தோட்டச் சாலையில் வேன் காத்திருந்ததால் அவர் அப்படியே ஏறிவிட்டார். உதவியாளர் ஒருவர் ஜாக்கெட்டைக் கையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

“மேலயே ஏறிட்டாரா?” என்றார் அக்கா.

“ஆமாக்கா. தானா ராத்தா டவுன் ஹோட்டலுக்கு” என்றேன்.

“ம். டீ ஆறிடும். நீ குடி.”

நான் நல்லது செய்வதாக நினைத்துத்தான் அந்த டேக்கைக் கேட்டேன். அதற்கு முந்தைய முறை அவர் இறங்கி வந்திருந்தார். அதோடு நின்றிருக்கலாம்.

படத்தில் இருப்பது அந்தக் கடைசி டேக்தான். தானா ராத்தாவில் திரையிட்டபோது அக்காவைக் கூப்பிட்டேன். “போய்க்கிட்டேதானே இருப்பாரு. நான் வரலம்மா” என்றார்.

இப்போது நான் வேலை செய்யும் படங்களில் இறந்தவர்களின் உடையை வாங்க விடுவதில்லை. வேறு தைக்கச் சொல்கிறேன். அக்கா அதே லயத்தில் இருக்கிறார், தினமும் கொழுந்து பறிக்கப் போகிறார்.